மின்சாரக் கார்கள் பெருகுகின்றன. அவை எங்கே சார்ஜ் ஆகும்?

மின்சாரக் கார் வாங்குவோர் கூடிக்கொண்டே போகிறார்களே, பெட்ரோல் பங்க் அளவுக்குச் சார்ஜிங் நிலையங்கள் எப்போது வரும், எல்லோரும் ஒரே நேரத்தில் சார்ஜ் செய்தால் மின்கட்டமைப்பு தாங்குமா, அதுவரை கார் வாங்காமல் காத்திருப்பதுதான் நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றும் தேவையான கேள்விகள். ஆனால் முதல் கேள்வியிலேயே ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. பெட்ரோல் பங்க்குக்குப் பதிலாக அதே எண்ணிக்கையில், அதே மாதிரி சார்ஜிங் நிலையம் வர வேண்டும் என்பது அந்த அனுமானம். அரசுகளும் நிறுவனங்களும்கூட நீண்ட காலம் அப்படித்தான் யோசித்தன. அதைக் கைவிட்டால்தான் எது உண்மையான பற்றாக்குறை, எது வெறும் பயம் என்று பிரித்துப் பார்க்க முடியும்.

முதலில் தேவை எந்த வேகத்தில் வளர்ந்திருக்கிறது என்று பார்த்துவிடுவோம். 2012இல் உலகம் முழுவதும் விற்ற மின்சாரக் கார்கள் சுமார் 1,20,000. 2020இல் 30 லட்சம். 2024இல் 1.7 கோடிக்கும் மேல். அதாவது 2012இல் ஓராண்டு முழுவதும் விற்ற எண்ணிக்கை, 2024இல் மூன்றே நாளில் விற்றுத் தீர்ந்தது. பன்னாட்டு எரிசக்தி முகமையின் இந்தக் கணக்கில், பெட்ரோல் எஞ்சினும் செருகிச் சார்ஜ் செய்யும் பேட்டரியும் சேர்ந்த பிளக்-இன் ஹைபிரிட் கார்களும் அடக்கம். உலகில் விற்கும் புதிய கார்களில் ஐந்தில் ஒன்றுக்கும் மேல் இப்போது இந்த வகை. சீனாவில் ஏறத்தாழ பாதி. நார்வேயில் 2024இல் விற்ற புதிய கார்களில் சுமார் 89 விழுக்காடு முழுக்க முழுக்க பேட்டரியில் ஓடுபவை. அங்கே எஞ்சின் கார் வாங்குபவர்தான் இப்போது விதிவிலக்கு. பொதுச் சார்ஜர்களும் சும்மா இருக்கவில்லை. 2024 முடிவில் உலகில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பொதுச் சார்ஜிங் முனைகள் இருந்தன. இரண்டே ஆண்டுகளில் இரட்டிப்பான எண்ணிக்கை இது. ஆனால் இவற்றில் மூன்றில் இரண்டு பங்கு சீனாவில் மட்டும் இருக்கிறது. ஆகவே உலகச் சராசரியைக் காட்டி “எல்லாம் சரியாகத்தான் போகிறது” என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

இனி பெட்ரோல் பங்க் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு சாதாரண பெட்ரோல் பம்ப் நிமிடத்துக்கு 40 லிட்டர் வரை ஊற்றும். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட், அதாவது 9 கிலோவாட் மணி ஆற்றல் இருக்கிறது. பெருக்கிப் பார்த்தால் அந்த ஒற்றைக் குழாய் வழியாக 20 மெகாவாட்டுக்கும் மேல் பாய்கிறது. இன்று நெடுஞ்சாலையில் காணும் மிக வேகமான சார்ஜர்களில் ஒன்று 350 கிலோவாட் தருகிறது. பம்பைவிட அறுபது மடங்கு குறைவு. எஞ்சின் அந்த ஆற்றலில் முக்கால் பங்கை வெப்பமாக வீணாக்குகிறது, மோட்டார் அப்படிச் செய்வதில்லை என்பதைக் கழித்துக்கொண்டால்கூட, பதினைந்து இருபது மடங்கு வித்தியாசம் மிஞ்சுகிறது. பெட்ரோல் பங்க்கின் வேகத்தை மின்கம்பியில் நகலெடுக்கப் போனால் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு துணைமின் நிலையம் கட்ட வேண்டியிருக்கும். அது வீண்செலவு. தேவையும் இல்லை.

ஏன் தேவையில்லை? பெட்ரோலை வீட்டில் நிரப்ப முடியாது. ஆகவே காரை ஓட்டிக்கொண்டு எரிபொருள் இருக்கும் இடத்துக்குப் போகிறோம். மின்சாரம் ஏற்கெனவே நம் சுவருக்குள் இருக்கிறது. ஒரு கார் நாளின் பெரும்பகுதி நின்றுகொண்டேதான் இருக்கிறது. நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் ஓடும் காரை எடுத்துக்கொள்ளுங்கள். நடுத்தர அளவு மின்சாரக் கார் 100 கிலோமீட்டருக்கு 15 முதல் 20 யூனிட் செலவழிக்கும். சார்ஜ் ஆகும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் அன்றைய தேவை சராசரியாக ஏழரை யூனிட்டை ஒட்டி இருக்கும். 230 வோல்ட்டில் 10 ஆம்பியர் தரும் எளிய இணைப்பிலேயே இது மூன்றேகால் மணி நேர வேலை. சுவரில் பொருத்தும் 7.4 கிலோவாட் சார்ஜரில் ஒரு மணி நேரம். கார் நிற்பதோ இரவு முழுவதும் பத்து மணி நேரம்.

எனவே என் பதிலின் சாரம் இதுதான்: மின்சாரக் காருக்குத் தேவையான உள்கட்டமைப்பில் மிகப் பெரிய பங்கு, கார் இரவில் தூங்கும் இடத்தில் ஒரு சாதாரணப் பிளக். நெடுஞ்சாலையின் பளபளப்பான வேகச் சார்ஜர் அதற்கு அடுத்தபடிதான். படமெடுக்க அழகாக இருப்பதாலும் திறப்பு விழா நடத்த வசதியாக இருப்பதாலும் இரண்டாவதற்கே எல்லா இடத்திலும் கவனம் போகிறது. இது எனக்கு உண்மையான வருத்தம்.

சொந்த வீடும் சொந்தக் கார் நிறுத்தமும் உள்ளவருக்கு இந்தப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது என்றே வைத்துக்கொள்ளலாம். சிக்கல் மற்றவர்களுக்கு: அடுக்குமாடியில் வசிப்பவர்கள், வாடகைக்கு இருப்பவர்கள், தெருவோரம் நிறுத்துபவர்கள். வீட்டில் சார்ஜ் செய்பவர் வீட்டு மின்கட்டணத்தில் ஓட்டுகிறார். வசதியில்லாதவர் பொது நிலையத்தில் அதைவிடக் கூடுதலாகக் கொடுத்து ஓட்டுகிறார். மின்சாரக் காரின் மிச்சமெல்லாம் ஏற்கெனவே வசதி உள்ளவருக்கே போய்ச் சேருகிறது. இதைச் சரிசெய்யாமல் எஞ்சின் கார்களுக்குத் தடை விதிக்கும் தேதியை மட்டும் அறிவிப்பது நியாயமாகாது.

தெருவோரம் நிறுத்துபவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. நெதர்லாந்தின் நகரங்களில், தனியிடம் இல்லாத கார் உரிமையாளர் விண்ணப்பித்தால், அவர் வீட்டருகே தெருவில் நகராட்சியே பொதுச் சார்ஜர் நட ஏற்பாடு செய்கிறது. கார் எங்கே இருக்கிறதோ அங்கே சார்ஜர் போகிறது. லண்டனில் தெருவிளக்குக் கம்பத்திலேயே ஒரு சிறு பிளக்கைப் பொருத்துகிறார்கள்; சுமார் 5 கிலோவாட்தான் வரும், ஆனால் இரவு முழுக்க நிற்கும் காருக்கு அது தாராளம். தெருவைத் தோண்ட வேண்டியதில்லை, புதிதாக ஒரு பெட்டி நடைபாதையை அடைக்கவும் வேண்டியதில்லை.

அடுக்குமாடிகளில் முதல் தடை தொழில்நுட்பம் அல்ல, சம்மதம். ஒருவர் தன் நிறுத்துமிடத்தில் சார்ஜர் வைக்கக் கேட்டால், சங்கம் ஏதோ ஒரு காரணம் சொல்லி மறுத்துவிடும். இதனால்தான் நார்வே, ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற நாடுகள் சட்டத்திலேயே கைவைத்தன. நார்வேயில் நியாயமான காரணமின்றிச் சங்கம் மறுக்க முடியாது. ஜெர்மனியில் 2020 டிசம்பர் முதல் நடைமுறைக்கு வந்த குடியிருப்புச் சட்டத் திருத்தம் அடுக்குமாடி உரிமையாளருக்கும் வாடகைதாரருக்கும் சார்ஜர் வைக்கக் கேட்கும் உரிமையைக் கொடுத்தது. இங்கிலாந்தில் 2022 ஜூன் முதல், கார் நிறுத்துமிடத்தோடு கட்டப்படும் புதிய வீடுகளில் சார்ஜர் கட்டாயம். கட்டும்போதே குழாயும் கேபிளும் போட்டுவிட்டால் ஆகும் செலவு, பிறகு தளத்தை உடைத்துப் போடுவதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. எந்த நாட்டு ஆட்சியாளரும் இன்றே, ஒரு பெரிய திட்டமும் இல்லாமல், செய்துவிடக்கூடிய காரியம் இது.

இரண்டாவது தடையாக எல்லோரும் சொல்வது, “கட்டடத்தின் மின்இணைப்பு தாங்காது” என்பது. இதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். நூறு கார்கள் நிற்கும் ஓர் அடித்தளத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு காருக்கும் 7.4 கிலோவாட் சார்ஜர். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால் 740 கிலோவாட்; பெரும்பாலான கட்டடங்களுக்கு அது கனவிலும் கிடைக்காத இணைப்பு. சங்கக் கூட்டத்தில் இந்த எண்ணைச் சொன்னவுடன் பேச்சு முடிந்துவிடும். ஆனால் அந்த நூறு கார்களுக்கும் அன்று இரவு உண்மையில் தேவைப்படுவது, காருக்கு ஏழரை யூனிட் வீதம் 750 யூனிட். பத்து மணி நேரத்தில் பரப்பினால் சராசரி 75 கிலோவாட். பத்தில் ஒரு பங்கு! செய்ய வேண்டியதெல்லாம் சார்ஜர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டு இருக்கும் மின்சாரத்தைப் பங்கு போட்டுக்கொள்வதுதான். கட்டடத்தின் பிரதான கேபிளில் ஓர் அளவி இருக்கும். மாலையில் சமையலும் லிஃப்டும் குளிர்சாதனமும் ஓடும்போது கார்களுக்கான பங்கு சுருங்கும். பதினோரு மணிக்கு விளக்குகள் அணைய அணைய, மிச்சமாகும் ஆம்பியர் ஒவ்வொன்றும் கார்களுக்குத் திரும்பும். காருக்கும் சார்ஜருக்கும் இடையிலான சிறு சமிக்ஞைக் கம்பி, “இப்போது இவ்வளவுதான் எடுத்துக்கொள்ளலாம்” என்று நொடிக்கு ஆயிரம் துடிப்புள்ள மின்சமிக்ஞையின் அகலத்தால் காருக்குத் தெரிவிக்கிறது. கார் அதற்கு அடங்கி நடக்கிறது. இது ஏதோ வருங்கால வித்தை இல்லை. இன்று விற்கும் ஏசி (மாறுமின்னோட்ட) சார்ஜர்கள் அனைத்துக்கும் பொதுவான அடிப்படை ஏற்பாடு. சுமைப் பங்கீட்டுக் கருவி ஒன்றைச் சேர்த்தால் போதும்.

இதே கணக்கைப் பெரிதாக்கினால் மின்கட்டமைப்பு பற்றிய உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் கிடைக்கிறது. பத்து லட்சம் மின்சாரக் கார்கள், ஆண்டுக்குத் தலா 12,500 கிலோமீட்டர் ஓடுவதாக வைத்தால், இழப்பையும் சேர்த்து ஆண்டுக்கு 250 கோடி யூனிட் தேவை. 1,000 மெகாவாட் மின்நிலையம் ஒன்று நன்றாக ஓடினால் ஆண்டுக்குத் தோராயமாக 700 கோடி யூனிட் தரும். ஆக, பத்து லட்சம் கார்களுக்கு அப்படிப்பட்ட ஒரு நிலையத்தின் மூன்றில் ஒரு பங்கு போதும். 2023இல் உலகின் மின்வாகனங்கள் அனைத்தும் சேர்ந்து எடுத்துக்கொண்டது சுமார் 13,000 கோடி யூனிட். நார்வே என்ற ஒரு நாட்டின் மொத்தப் பயன்பாட்டுக்குக் கிட்டத்தட்டச் சமம். உலக மின்பயன்பாட்டில் அரை விழுக்காட்டை ஒட்டிய அளவு. வளரும், ஆனால் திடீரென்று வந்து நம்மைக் கவிழ்த்துவிடும் சுமை இல்லை.

ஆபத்து மொத்த அளவில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. அதே பத்து லட்சம் பேர் மாலை ஏழு மணிக்கு வீடு திரும்பியதும் பிளக்கைச் செருகி, எல்லோரும் 7 கிலோவாட்டில் ஆரம்பித்தால் அந்த நேரத்தில் 7,000 மெகாவாட் வேண்டும். நள்ளிரவு முதல் எட்டு மணி நேரத்தில் பரப்பினால் 900 மெகாவாட்டுக்கும் குறைவு. ஆகவே இரவில் மலிவான கட்டணம் என்பதும், காரையோ சார்ஜரையோ தானாக நேரம் பார்த்துத் தொடங்கச் செய்வதும் வெறும் சலுகைகள் அல்ல. பல மின்நிலையங்களைக் கட்டாமல் தவிர்க்கும் வழி. இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. மலிவுக் கட்டணம் சரியாகப் பன்னிரண்டு மணிக்குத் தொடங்கினால், எல்லாச் சார்ஜர்களும் அதே நொடியில் விழித்துக்கொண்டு புதிய உச்சத்தை உண்டாக்கிவிடும். பிரிட்டன் 2022இல் அமலுக்குக் கொண்டுவந்த விதிகளில் இதற்கு அழகான தீர்வு இருக்கிறது: வீட்டுச் சார்ஜர் ஒவ்வொன்றும் பத்து நிமிடம் வரை ஏதோ ஒரு கால அளவு தற்செயலாகத் தாமதித்தே தொடங்க வேண்டும். உரிமையாளருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. கட்டமைப்புக்கோ அது பெரிய நிம்மதி.

உண்மையிலேயே எங்கே அடி விழும் என்றால், தெருமுனை டிரான்ஸ்பார்மரில். நாடு முழுவதற்கும் மின்சாரம் போதுமானதாக இருக்கலாம். ஆனால் ஒரு தெருவில் மட்டும் இருபது வீடுகள் ஒரே ஆண்டில் மின்சாரக் காருக்கு மாறினால் அந்தத் தெருவின் மின்மாற்றி திணறும். பகலிலும் மாலையிலும் சூடாகி, இரவில் ஆறும் என்ற கணக்கில்தான் அந்தக் கருவிகள் பல பத்தாண்டுகளாக வைக்கப்பட்டிருக்கின்றன. உள்ளே சுற்றியிருக்கும் காப்புக் காகிதத்தின் ஆயுள், வெப்பம் 6 முதல் 8 டிகிரி கூடினாலே பாதியாகிவிடும். இரவு முழுவதும் கார்கள் சார்ஜ் ஆகும்போது அந்த ஆறும் நேரம் பறிபோகிறது. எந்தத் தெருவில் எத்தனை சார்ஜர் இருக்கிறது என்று மின்விநியோக நிறுவனத்துக்குத் தெரியாவிட்டால், மின்மாற்றி எரிந்த பிறகுதான் தெரியவரும். வீட்டில் சார்ஜர் வைத்தால் தகவல் தெரிவிக்க வேண்டும் என்ற விதி தொந்தரவாகத் தோன்றலாம். தயவுசெய்து அதைப் பின்பற்றுங்கள்.

வேகச் சார்ஜர்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நீண்ட பயணத்துக்கும், வாடகைக் கார் ஓட்டுநர்களுக்கும், இரவு நிறுத்தத்தில் பிளக் கிடைக்காதவர்களுக்கும் அவை அவசியம். அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பல எரிச்சல்கள் குறையும். செருகியதும் முதலில் மின்சாரம் பாயாது. காரும் சார்ஜரும் பேசிக்கொள்ளும், பிளக் பூட்டிக்கொள்ளும், எங்காவது மின்கசிவு இருக்கிறதா என்று காப்புச் சோதனை நடக்கும், சார்ஜர் தன் வோல்ட்டேஜைக் காரின் பேட்டரி அளவுக்கு ஏற்றி நிறுத்தும். அதன் பிறகுதான் காருக்குள் கனமான சுவிட்சுகள் ‘டக்’கென்று மூடும் சத்தம் கேட்கும். அந்த நொடியிலிருந்து எசமான் கார்தான். எவ்வளவு ஆம்பியர் வேண்டும் என்று கார் கேட்டுக்கொண்டே இருக்கும், சார்ஜர் கொடுத்துக்கொண்டே இருக்கும். 350 கிலோவாட் என்று எழுதியிருந்தாலும் உங்கள் கார் 120தான் கேட்டால் 120தான் வரும்.

பேட்டரி காலியாக இருக்கும்போது வேகமாக வாங்கும். நிரம்ப நிரம்பத் தயங்கும். லித்தியம் அயனிகள் கிராஃபைட் அடுக்குகளுக்குள் புகுந்து இடம்பிடிக்க வேண்டும். அவசரப்படுத்தினால் உள்ளே போகாமல் மேற்பரப்பிலேயே உலோகப் படலமாகப் படிந்துவிடும். பேட்டரிக்கு அது நிரந்தரக் கேடு. அதனால்தான் 10இலிருந்து 80 விழுக்காடு வரை எடுத்துக்கொள்ளும் நேரத்தை, கடைசி 20 விழுக்காடு மட்டுமே பல கார்களில் எடுத்துக்கொள்கிறது. பின்னால் வரிசை நிற்கும்போது 80ஐத் தாண்டி உட்கார்ந்திருப்பது உங்களுக்கும் நல்லதில்லை, மற்றவருக்கும் நல்லதில்லை. கடுங்குளிரில் இந்தத் தயக்கம் இன்னும் அதிகம். 2024 ஜனவரியில் சிகாகோவில் கார்கள் சார்ஜர் முன் மணிக்கணக்கில் சிக்கிக்கொண்ட செய்தி உலகம் முழுவதும் பரவியது. நிலையத்துக்குப் போகும் வழியிலேயே பேட்டரியைச் சூடேற்றிக்கொள்ளும் வசதி பல கார்களில் இருக்கிறது. காரின் வழிகாட்டியில் சார்ஜிங் நிலையத்தையே சேருமிடமாகக் கொடுத்தால்தான் பெரும்பாலும் அது வேலை செய்யும்.

வேகம் கூடிக்கொண்டுதான் போகிறது. 400 வோல்ட் பேட்டரிகளோடு இப்போது 800 வோல்ட் பேட்டரிகளும் வந்துவிட்டன. கேபிளின் தடிமனையும் சூட்டையும் தீர்மானிப்பது ஆம்பியர். வோல்ட்டேஜை இரட்டிப்பாக்கினால் அதே கேபிளில் இரட்டிப்புத் திறன் போகும். ஹூண்டாயின் ஐயோனிக் 5 தகுந்த சார்ஜரில் 10இலிருந்து 80க்கு 18 நிமிடத்தில் போகும் என்று நிறுவனம் சொன்னபோது அது பெரிய செய்தி. 2025 மார்ச்சில் சீனாவின் பிஒய்டி நிறுவனம் 1,000 கிலோவாட் சார்ஜிங்கை அறிவித்தது. ஐந்து நிமிடத்தில் 400 கிலோமீட்டர் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. மகிழ்ச்சிதான். ஆனால் வேகம் கூடக் கூடப் பிரச்சினை காரிலிருந்து நிலையத்துக்கும், நிலையத்திலிருந்து அதற்குப் பின்னால் வரும் கம்பிக்கும் நகர்கிறது. எட்டு 350 கிலோவாட் சார்ஜர்கள் கொண்ட நிலையம் 2.8 மெகாவாட் கேட்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளின் சுமை. சார்ஜர்களை நிறுவ சில வாரங்கள் போதும். உயரழுத்த இணைப்பு கிடைக்க மாதங்கள், சில இடங்களில் ஆண்டுகள் ஆகின்றன. இடம் பிடித்து, இயந்திரம் இறக்கி, இணைப்புக்காகக் காத்துக் கிடக்கும் நிலையங்கள் பல நாடுகளில் உண்டு. இதைச் சமாளிக்கச் சிலர் நிலையத்திலேயே பெரிய பேட்டரி வைக்கிறார்கள். அது சிறிய இணைப்பிலிருந்து மெல்ல மெல்ல நிரம்பிக்கொண்டு, கார் வந்ததும் ஒரே மூச்சில் கொடுத்துவிடும். போக்குவரத்து குறைவான சாலைகளுக்கு இது மிக நல்ல ஏற்பாடு என்பது என் கருத்து. நாள் முழுவதும் கார்கள் வரிசைகட்டும் இடத்தில் அந்தப் பேட்டரியும் காலியாகிவிடும்.

எண்ணிக்கை பற்றி ஒரு வார்த்தை. “இத்தனை ஆயிரம் சார்ஜர்கள் அமைத்தோம்” என்ற அறிக்கைகளைப் பார்க்கும்போது அவற்றின் திறனையும் கேளுங்கள். 7 கிலோவாட் முனையும் 350 கிலோவாட் முனையும் அந்த எண்ணிக்கையில் ஒன்றுதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு ஒழுங்குமுறை இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. பதிவாகும் ஒவ்வொரு பேட்டரிக் காருக்கும் 1.3 கிலோவாட் பொதுச் சார்ஜிங் திறன் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. முக்கிய நெடுஞ்சாலைகளில் ஒவ்வொரு திசையிலும் 60 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம், 2025 முடிவுக்குள் குறைந்தது 400 கிலோவாட், 2027 முடிவுக்குள் 600. கார் கூடினால் திறனும் தானாகக் கூடியாக வேண்டும். இலக்கு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

இருக்கும் சார்ஜர் வேலை செய்கிறதா என்பது அதைவிடப் பெரிய கேள்வி. 2022இல் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் ஆய்வாளர்கள் 657 பொது வேகச் சார்ஜிங் முனைகளை நேரில் போய்ச் சோதித்தார்கள். வேலை செய்தவை 72.5 விழுக்காடு. மற்றவற்றில் திரை இருண்டு கிடந்தது, அட்டை வாங்கும் கருவி படுத்திருந்தது, பிளக் உடைந்திருந்தது, அல்லது சார்ஜ் தொடங்கியதும் அறுந்துபோனது. சிலவற்றில் கேபிள் காரை எட்டவே இல்லை. மின்சாரப் பகுதி பெரும்பாலும் உறுதியாகத்தான் இருக்கிறது. பணம் வாங்கும் பகுதியும் இணையத் தொடர்பும்தான் அடிக்கடி காலை வாருகின்றன. மானியம் நிறுவுவதற்கு மட்டும் கிடைத்து, பராமரிக்கக் கிடைக்காத இடங்களில் இது நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். பிரிட்டன் வேகச் சார்ஜர்களுக்கு 99 விழுக்காடு நம்பகத்தன்மையைச் சட்டமாக்கியிருக்கிறது. அமெரிக்காவின் நெடுஞ்சாலைத் திட்டம் 97 விழுக்காடு கேட்கிறது. இந்த எண்ணை நிறுவனமே தன்னைப்பற்றிச் சொல்லிக்கொள்ள விடக் கூடாது. சார்ஜர் வலையில் இணைந்திருந்தால் ‘இயங்குகிறது’ என்று கணக்காகும், பணம் வாங்கும் கருவி செத்துக்கிடந்தாலும். அளக்க வேண்டியது, செருகியவர்களில் எத்தனை பேர் முதல் முயற்சியிலேயே சார்ஜ் எடுத்துக்கொண்டு போனார்கள் என்பதை.

பிளக் வகைகளின் சண்டை ஓரளவு ஓய்ந்துவிட்டது. ஜப்பானின் சாடெமோ பின்வாங்குகிறது, ஐரோப்பா சிசிஎஸ் 2இல் நிலைத்துவிட்டது, சீனாவுக்கு ஜிபி/டி, வட அமெரிக்காவில் டெஸ்லா 2022 நவம்பரில் திறந்துவிட்ட பிளக்கை மற்ற நிறுவனங்களும் ஏற்றுக்கொண்டன. ஒரு நாட்டுக்குள் ஒரே வகை என்று முடிவானால் போதும். பணம் செலுத்த ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு செயலி என்ற தொல்லைதான் இன்னும் தீரவில்லை. பெட்ரோல் போட யாரும் கணக்குத் தொடங்குவதில்லை; இதற்கும் தேவைப்படக் கூடாது.

பேட்டரியையே மாற்றிவிடலாமே என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. அந்த யோசனையோடு 2007இல் தொடங்கிய இஸ்ரேலின் பெட்டர் பிளேஸ் 2013இல் திவாலானது. அதன் நிலையங்களில் பேட்டரி மாற்றிக்கொள்ள ரெனோவின் ஒரே ஒரு மாடல்தான் இருந்தது. சீனாவில் நியோ நிறுவனம் ஆயிரக்கணக்கான மாற்று நிலையங்களை நடத்துகிறது. சில நிமிடங்களில் மாறிவிடுகிறது. ஒரே நிறுவனத்துக் கார்களுக்கோ வாடகைக் கார்களுக்கோ பொருந்தும். எல்லா நிறுவனங்களும் ஒரே பேட்டரிக்கு ஒத்துக்கொள்ளும் என்று எதிர்பார்த்துத் திட்டம் போட முடியாது.

கார் முதலிலா, சார்ஜர் முதலிலா என்ற சிக்கலுக்கு நார்வே காட்டிய வழி எளிது. ஆரம்ப ஆண்டுகளில் வேகச் சார்ஜர் லாபம் தராது. கார்கள் குறைவு, இணைப்புக்கான நிலைக்கட்டணமோ மாதாமாதம் வரும். ஆகவே 2015 முதல் அங்கே அரசு முகமை முக்கியச் சாலைகளில் 50 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் அமைக்கப் பணம் கொடுத்தது. கார்கள் பெருகியதும் தனியார் நிறுவனங்கள் தாமாகவே வந்தன. ஆள் குறைந்த வட்டாரங்களுக்கு மட்டும் உதவி தொடர வேண்டியிருந்தது. விடுமுறைக் கால உச்சத்துக்கு மட்டும் முழுமையான தீர்வு எங்கும் இல்லை. சீனாவில் இவ்வளவு சார்ஜர்கள் இருந்தும், அக்டோபர் தேசிய விடுமுறை வாரத்தில் நெடுஞ்சாலைகளில் வரிசை நீள்கிறது. ஆண்டின் அந்தச் சில நாட்களுக்காக மட்டும் மற்ற நாளெல்லாம் சும்மா நிற்கும் சார்ஜர்களை யாரும் கட்டமாட்டார்கள். அந்த நாட்களில் கொஞ்சம் காத்திருக்கத்தான் வேண்டும்.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்வி: வாங்குவதா, காத்திருப்பதா? இரவில் கார் நிற்கும் இடத்தில் பிளக் வைக்க முடியுமானால் காத்திருக்க ஒரு காரணமும் இல்லை. அந்தப் பிளக்குக்குத் தனிக் கம்பி, தனி பிரேக்கர், நல்ல எர்த், மின்கசிவைக் கண்டால் துண்டிக்கும் கருவி நான்கும் இருக்கட்டும். நீட்டிப்புக் கம்பியில் இரவு முழுவதும் கார் சார்ஜ் செய்யவே செய்யாதீர்கள். மணிக்கணக்கில் விடாமல் பத்து ஆம்பியர் பாயும் வேலைக்கு அது செய்யப்பட்டதல்ல. காரைத் தேர்ந்தெடுக்கும்போது விளம்பரத்தில் வரும் உச்ச கிலோவாட்டைப் பார்க்காமல், 10இலிருந்து 80க்கு எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். நீங்கள் அடிக்கடி போகும் நீண்ட வழியில் ஒரு நிலையம் இருந்தால் போதாது. அது பழுதாகிக் கிடந்தால் எட்டக்கூடிய தூரத்தில் இன்னொன்று வேண்டும்.

பிளக் வைக்க வழியில்லை, அலுவலகத்திலும் இல்லை, பொதுச் சார்ஜரை மட்டுமே நம்ப வேண்டும் என்றால், இப்போதைக்கு வாங்காமல் இருப்பது தவறில்லை. ஆனால் சும்மா காத்திருக்காதீர்கள். அடுக்குமாடியில் இருந்தால் சங்கத்தில் மின்சுமைக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தச் சொல்லுங்கள்: கட்டடத்தின் இணைப்பு எவ்வளவு, இரவில் எவ்வளவு மிச்சம். முதலில் கார் வாங்கிய இருவர் தத்தம் வீட்டு மீட்டரிலிருந்து கம்பி இழுத்துக்கொண்டால், மூன்றாவது நான்காவது ஆளுக்கு வழி அடைபட்டுவிடும். பிரதானக் கேபிளையும் சுமைப் பங்கீட்டுக் கருவியையும் எல்லோருக்கும் பொதுவாக ஒருமுறை போட்டுவிட்டு, யார் கார் வாங்குகிறாரோ அவர் தன் சார்ஜரை மட்டும் தன் செலவில் இணைத்துக்கொள்ளட்டும். அந்தக் கணக்கெடுப்பைச் செய்ய ஒரு மின்பொறியாளருக்குச் சில நாட்களே ஆகும். இன்னும் ஒருவர்கூட மின்சாரக் கார் வாங்காத கட்டடத்திலும் அதை இப்போதே செய்யலாம்.